டல்லியில் வாழைத்தார் சுமக்கும் தம்பி

ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்க்க எனக்குக் கிடைத்தது மொத்தம் பன்னிரண்டு நாள். சனி, ஞாயிறு, விமானத்தில் தூங்கிய இரவுகள் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். சிட்னியில் மூன்று நாள் ஓடி ஓடிப் பார்த்தேன், கெய்ர்ன்ஸில் படகேறிப் பவளத்திட்டைப் பார்த்தேன், குமட்டலோடு திரும்பினேன். அதன் பிறகு, திட்டத்திலேயே இல்லாத இரண்டு நாளை எப்படியோ ஒதுக்கி, தெற்கே 140 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டல்லிக்கு பஸ் ஏறினேன். அங்கேதான் சித்தி மகன் இருக்கிறான். சித்தி கொடுத்தனுப்பிய முறுக்கை விமான நிலையப் படிவத்தில் எழுதிக் காட்டி, அதிகாரி முன்னால் பிரித்துக் காட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். அதையாவது சேர்க்க வேண்டாமா?

டல்லி மழைக்குப் பேர் போன சின்ன ஊர். நடு ஊரில் 7.9 மீட்டர் உயரத்துக்கு ஒரு தங்க நிற ரப்பர் பூட்ஸ் நிற்கிறது, அதன்மேல் ஒரு தவளை ஏறிக்கொண்டிருக்கிறது. 1950-இல் அங்கே பெய்த மழையின் அளவுதான் அந்த உயரம். சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைத் தேக்கி வைத்தால் ஏறக்குறைய என் மார்பு வரை வரும். இங்கே பெய்தது மாடி வீட்டையே மூழ்கடித்திருக்கும். நான் போனது ஆகஸ்ட், கரும்பு அரைக்கும் பருவம். ஊரெங்கும் ஆலையின் வெல்லப்பாகு வாசனை. தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு குட்டி ரயில் ஒன்று கரும்பு ஏற்றிப் போனது.

தம்பிக்கு வயது 26. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரகடத்தில் மூன்று வருடம் ஷிப்ட் பார்த்தவன். அப்பாவுக்குத் தொட்டியத்தில் வாழைத் தோட்டம். பூவனும் ரஸ்தாளியும் போடுவார். இவன் அந்தப் பக்கம் போனதே தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை. இப்போது வெளிநாட்டில் வாழைத்தார் சுமக்கிறான் என்று தெரிந்ததும் சித்தப்பா சொன்னது இதுதான்: “இதை இங்கேயே செஞ்சிருக்கலாமே, விமான டிக்கெட்டாவது மிஞ்சியிருக்கும்.”

அவன் வந்தது ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசாவில், அதாவது ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம். ஆஸ்திரேலியா 1975 முதல் இந்த வகை விசா கொடுக்கிறது, ஆனால் இந்தியர்களுக்குக் கதவு திறந்தது இப்போதுதான். இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 1,000 பேர், 18 முதல் 30 வயது வரை. 2024 அக்டோபரில் முதல் குலுக்கல். பெயர் கொடுக்க 25 ஆஸ்திரேலிய டாலர். முதல் இரண்டு வாரத்திலேயே 40,000 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதில் இவன் பெயர் விழுந்தது. எனக்கு 34. குலுக்கலில் பெயர் போடவே தகுதியில்லை. அந்த எரிச்சல் இந்தக் கட்டுரையில் அங்கங்கே தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். வாசலிலேயே பலகை: உள்ளே வராதே. 2015-இல் டல்லி பள்ளத்தாக்கில் வாழையைக் கொல்லும் பனாமா வாடல் நோயின் புதிய வகை வந்ததிலிருந்து, வெளியாள் காலில் ஒட்டிய மண்கூட உள்ளே போகக் கூடாது. வேலைக்காரர்களே வாசலில் ஷூ மாற்றி, மருந்துத் தண்ணீரில் மிதித்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆகவே நான் பார்த்தது வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான். வரிசை வரிசையாக மரங்கள், ஒவ்வொரு தாருக்கும் பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கிறது.

மிச்சத்தை அவன் சாயங்காலம் விடுதிச் சமையலறையில் நடித்தே காட்டினான். ஒருவர் மரத்தைப் பாதியில் கொத்துவார். மரம் மெல்லச் சாயும். அடியில் இவன் தோளைக் கொடுத்து நிற்க வேண்டும். தார் தோளில் உட்கார்ந்ததும் காம்பை வெட்டுவார்கள், அந்த நொடியில் முழு எடையும் இறங்கும். ஐம்பது கிலோவுக்கு மேல்கூட இருக்குமாம். அப்படியே சேற்றில் நடந்து டிரெய்லருக்குப் போக வேண்டும். சில நேரம் தாருக்குள்ளிருந்து தவளை குதித்துக் கழுத்தில் இறங்கும். “முதல் வாரம் கத்தினேன் அண்ணே, இப்போ அதுவும் நானும் பழகிட்டோம்.” வாழைக்கறை படிந்து சட்டை தேயிலைச் சாயம் ஏறினது போலிருந்தது. வலது தோளில் எலுமிச்சை அளவுக்குக் காய்ப்பு. தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது.

சரி, எதற்கு இந்தப் பாடு? நான் நினைத்ததைவிடக் கணக்கு எளிது. 2025 ஜூலையில் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது, நிரந்தரமில்லாத வேலையாளுக்கு அதன்மேல் 25 விழுக்காடு. அவன் சம்பளச் சீட்டில் மணிக்கு 31 டாலர் சொச்சம், நம் பணத்தில் 1,700 ரூபாய்க்கு மேல். முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரி. அது போக மிஞ்சியதில் விடுதி வாடகை, அரிசி, மாதம் ஒரு முறை எங்காவது பயணம். விசாவுக்குக் கட்டிய 650 டாலரும் டிக்கெட் காசும் எப்போதோ திரும்பிவிட்டன. நானோ பன்னிரண்டு நாளுக்கு ஒரு வருடச் சேமிப்பைக் கரைத்துவிட்டு, பார்த்த இடங்களின் பெயரையே போட்டோ பார்த்துத்தான் சொல்கிறேன்.

விடுதியில் எதிர்க்கட்டில் பெண் ஜப்பானில் நர்ஸ். அவள் நாட்டில் அப்போது மணிக்குக் குறைந்தபட்சக் கூலியின் சராசரி 1,055 யென். இங்கே ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 3,000 யென். “ஊர் சுற்றத்தான் வந்தேன், வேலை அதற்கு டிக்கெட்” என்று சொல்லிவிட்டு அரிசியைக் கழுவப் போனாள். தைவான் பையன்கள் இருவர் 88 நாளைச் சுவரில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிராமப்புறத்தில் மூன்று மாதம் இப்படி வேலை பார்த்தால்தான் இரண்டாம் வருட விசா. பிரிட்டிஷ்காரர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து அந்தத் தேவையே இல்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் சமையலறையே ஒரே குரலில் கத்தும்.

எல்லாம் தேன் என்று நினைத்துவிட வேண்டாம். இதற்கு முன் வேறொரு ஊரில் இவனைச் சேர்த்துவிட்ட ஒப்பந்தக்காரர் பத்து மணி நேர வேலைக்கு ஏழு என்று எழுதினாராம். விடுதி முன்பணமும் திரும்பவில்லை. எத்தனை பெட்டி பறித்தோம் என்ற கணக்கில் கூலி கொடுத்தாலும் மணிக்கணக்குக் கூலிக்குக் குறையக் கூடாது என்று 2022 ஏப்ரலிலிருந்தே விதி இருக்கிறது. இவனுக்கு அது தெரிந்தபோது அந்த ஊரை விட்டு வந்தாகிவிட்டது. முதலாளி கட்டும் ஓய்வூதியப் பணம் இருக்கிறதே, ஊருக்குத் திரும்பும்போது அதில் 65 விழுக்காட்டை வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அவனுக்குக் கெட்ட வார்த்தை வந்தது.

ஆனாலும் ஒன்று பார்த்தேன். கடைக்குப் போனால் கல்லாவில் நிற்கும் அம்மா அவனைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மிஷன் பீச்சில் நீந்தலாம் என்று நான் கிளம்பியபோது, கண்ட இடத்தில் இறங்கக் கூடாது, முதலை இருக்கும் என்று கையைப் பிடித்து இழுத்தான். எனக்கு அது போட்டோ எடுக்கும் கடற்கரை, அவனுக்கு அடுத்த தெரு.

கிளம்பும் முந்தின இரவு சித்தப்பா வீடியோவில் வந்தார். முறுக்கு சேர்ந்ததா என்று கேட்டவர், நேராகத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். என்ன ரகம், தார் இறங்க எத்தனை மாதம், பக்கக்கன்றை என்ன செய்கிறார்கள். தம்பி ஒன்றுவிடாமல் பதில் சொன்னான். இருவரும் வாழையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

“அந்த வாடல் நோய் நம்ம பக்கமும் வந்துரும்ங்கிறாங்களே. அங்க அதுக்கு என்னடா மருந்து அடிக்கிறாங்க?”

“மருந்தே கிடையாதுப்பா. ஷூவைக் கழுவணும்.”

“நம்ம ஆளு எவன்டா ஷூ போடுறான்?” என்றார் சித்தப்பா.