கால் நீட்டியாச்சு, எலும்பு எப்பம் கூடும்?

சித்தி மகன் காலில், எலும்பை நீட்டுவதற்காக வெளியே மாட்டுகிற வளையம், அதாவது ரிங், போட்டதிலிருந்து ஊரில் யாரைப் பார்த்தாலும் இதே கேள்விதான். "மக்களே, தம்பிக்கு கம்பி எப்பம் எடுப்பாவ? டாக்டர் என்ன சொன்னாவ?" தக்கலை ரோட்டில் பைக் விபத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, கூடும்போது 4 சென்டிமீட்டர் குட்டையாகக் கூடிவிட்டது. அந்தக் காலைத்தான் இப்போது நீட்டியிருக்கிறார்கள். இதே சிகிச்சைக்குப் போகிற வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் நாள் தெரியாமல் காத்திருப்பது வலியைவிட மோசம்.

ஆபரேஷன் அன்றைக்குக் கால் நீளுவதில்லை. எலும்பை வெட்டி, கம்பிகளைக் கோத்து, வெளியே வளையங்களில் மாட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு வாரம் போல அப்படியே விட்டுவிட்டு, அதன் பிறகு நட்டைத் திருப்பி நீட்ட ஆரம்பிப்பது. ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். அதையும் ஒரேயடியாக இல்லாமல் கால் மில்லிமீட்டராக 4 தடவை. வளையங்களை இணைக்கிற ராடில் மரையின் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்பதால் நட்டைக் கால் சுற்று திருப்பினால் கணக்கு சரியாக வரும். பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு சித்தியே அதைச் செய்தார், ஒரு வேளைகூடத் தவறியதில்லை. சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் இலிசரோவ் என்ற டாக்டர் 1950களில் உருவாக்கிய முறை இது. வேகமாக இழுத்தால் இடைவெளியில் எலும்பு வளராது, நரம்பும் தாங்காது. ரொம்ப மெதுவாகப் போனால் நீட்டி முடிப்பதற்குள் எலும்பு கூடிவிடும், திரும்பவும் வெட்ட வேண்டியது வரும்.

4 சென்டிமீட்டர் என்றால் 40 நாள். அந்த 40 நாள் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள், உண்மையில் பெரிய காத்திருப்பு அங்கேதான் தொடங்குகிறது. இழுத்த இடத்தில் இருப்பது இன்னும் இளசான எலும்பு, எக்ஸ்ரேயில் மேகம் மாதிரி மங்கலாகத்தான் தெரியும். அது இறுகுவதற்கு, நீட்ட எடுத்ததைப் போல இரண்டு மடங்கு நாளாவது ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். மொத்தமாகப் பார்த்தால் பெரியவர்களுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளலாம், 4 சென்டிமீட்டருக்கு 4 முதல் 6 மாதம். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஆகும். தொடை எலும்பைச் சுற்றி நல்ல சதை இருக்கிறது, ரத்த ஓட்டமும் அதிகம், அதனால் அது முந்திக்கொள்ளும். கீழ்க்கால் எலும்பு பிந்தும்.

இந்தக் காலத்தை இன்னும் நீட்டிவிடுகிற விஷயங்களில் முதலாவது சிகரெட், பீடி. பார்க்க வருகிற கூட்டாளிகள் வாசலில் நின்று தம்பிக்கும் ஒன்று நீட்டினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள், புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்து எலும்பு கூடுவதை நேரடியாகக் கெடுக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சில வகை வலி மாத்திரைகளும் தாமதப்படுத்தலாம் என்பதால் மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கக் கூடாது. சாப்பாட்டுக்கு நம் ஊரில் என்ன குறை? சாளை மீன், முட்டை, சிறுபயறு, பால். மரச்சீனியும் சோறும் வயிற்றை நிரப்பும், ஆனால் அது மட்டும் போதாது.

வர்ம ஆசான்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, எங்கள் குடும்பத்திலேயே எத்தனையோ சுளுக்கு அவர்கள் கையில் சரியாகியிருக்கிறது. ஆனால் ரிங் இருக்கிற காலில் எண்ணெய் போட்டு உழிவது வேண்டாம். கம்பி உள்ளே போகிற இடம் ஒவ்வொன்றும் திறந்த வாசல், நம் மழைக்காலத்து ஈரத்தில் அங்கே சீழ் பிடித்தால் கம்பி தளர்ந்துபோகும், எலும்பும் தாமதமாகும்.

இன்னொன்று, படுத்தே இருந்தால் எலும்பு இறுகாது. டாக்டர் அனுமதித்த அளவுக்கு வாக்கரைப் பிடித்துக் காலை ஊன்ற வேண்டும், அந்த பாரம்தான் எலும்பை வளர்க்கிறது. எலும்பு நீளுகிற வேகத்துக்குக் கெண்டைச்சதை நீளாது, குதிகால் மேலே தூக்கிக்கொள்ளும். பிசியோதெரபியை ஒரு நாள் விட்டாலும் மறுநாள் தெரிகிறது. தம்பி அழுதிருக்கிறான், சித்தியும் அடுக்களையில் போய் அழுதிருக்கிறார், ஆனாலும் விடவில்லை.

உயரம் கூடுவதற்காக இதைச் செய்யலாமா என்று கேட்டு எனக்கு மெசேஜ் அனுப்புகிற பையன்களுக்கும் சொல்கிறேன்: எலும்புக்கு உள்ளேயே வைக்கிற நெயில் என்ற கம்பி வந்துவிட்டது, வெளியே ரிங் தெரியாது, சரிதான். எலும்பு அதற்காக வேகமாக இறுகிவிடாது. நன்றாக நடக்கிற இரண்டு காலையும் வெட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடப்பது எனக்குச் சம்மதமில்லை.

கம்பியை எடுக்கிற நாளைக் காலண்டரை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். எக்ஸ்ரேயை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்து, படத்துக்கு 2 ஆகத் தெரிகிற எலும்பின் 4 ஓரங்களில் 3 ஓரமாவது கோடு போட்டது போலத் தெளிவாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவசரப்பட்டு எடுத்தால் புது எலும்பு வளையும், ஒடியவும் ஒடியும். தம்பிக்கு இப்போது 2 ஓரம் வந்திருக்கிறது, அடுத்த மாதம் மறுபடி படம். பழைய எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாமல் தேதி எழுதி வரிசையாக வைத்திருங்கள், முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார்.