வாஷ் பேசினை நானே கழட்டினப்போ நடந்தது

பேசின் ஓரத்துல முடி மாதிரி இருந்த விரிசல் கொஞ்சம் கொஞ்சமா வேஸ்ட் ஓட்டை வரைக்கும் இறங்கிடுச்சு, இனி மாத்தியே ஆகணும், சரி கழட்டுற வேலைய மட்டுமாவது நாமளே பார்ப்போம்னு ஒரு லீவு நாள்ல உட்கார்ந்துட்டேன்.

மொதல்ல கீழ செவுத்துல இருக்குற ஆங்கிள் காக்க (பேசினுக்கு வர்ற தண்ணிய மட்டும் நிறுத்துற சின்ன வால்வு) மூடிட்டு மேல டேப்ப தொறந்தா தண்ணி நிக்கல, நூலா வந்துட்டே இருக்கு. வருஷக்கணக்கா யாரும் தொடாத காக், உள்ள வாஷர் தேஞ்சிருக்கும் இல்லன்னா உப்பு படிஞ்சிருக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தி திருகுனா நின்னுடும்னு கை பரபரங்கும், தயவுசெஞ்சு செய்யாதீங்க, அந்தக் காக் செவுத்துக்குள்ள இருக்குற பைப்ல மாட்டியிருக்கு, அது உள்ள உடைஞ்சா டைல்ஸ பேக்க வேண்டியதாகூட ஆயிடலாம். நான் மெயின் வால்வ மூடி, டேப்ப தொறந்தே விட்டு, லைன்ல நின்ன தண்ணி எல்லாம் வடியுற வரைக்கும் காத்திருந்தேன்.

கனெக்‌ஷன் பைப் நட்டு கழட்டும்போதும் அதே பயம்தான். ஒரு ஸ்பேனரால காக்க அசையாம புடிச்சுகிட்டு இன்னொண்ணால நட்ட திருப்பணும். ஒரே ஸ்பேனர் போட்டு இழுத்தா நட்டோட சேர்ந்து காக்கும் சுத்துது, நான் கண்ணால பார்த்தேன், லேசா அசைஞ்ச உடனே நிறுத்திட்டேன். இந்த ரெண்டாவது ஸ்பேனர் விஷயத்த யாரும் சொல்றதே இல்ல, எனக்கு அதுதான் இந்த வேலையிலயே முக்கியம்னு தோணுது.

பேசினுக்கு அடியில கழிவுத் தண்ணி போற வழியில இருக்குற பாட்டில் ட்ராப்புக்கு ஸ்பேனரே வேணாம், கையாலயே வந்துடுச்சு. அடியில பக்கெட் வெச்சுக்கோங்க, ஏன்னா ட்ராப்புல எப்பவும் தண்ணி நிக்கும், சாக்கடை நாத்தம் மேல வராம தடுக்குறதே அந்தத் தண்ணிதான். கீழ் கப்ப தொறந்தா முடியும் சோப்பும் பேஸ்ட்டும் சேர்ந்து கருப்பு களி மாதிரி ஒரு கட்டி, விரல விட்டுத்தான் எடுக்க முடிஞ்சுது. அந்தத் தண்ணிய பழக்கத்துல அதே பேசின்ல ஊத்திடாதீங்க, கீழ ட்ராப் இல்லல்ல, நேரா உங்க கால்லதான் விழும். ட்ராப் போன உடனே செவுத்து ஓட்டையில பழைய துணிய நல்லா திணிச்சுட்டேன், நாத்தமும் வராது, பூச்சியும் வராது.

அப்புறம் செவுத்தோரம் இருந்த சிலிகான பிளேடால சுத்தி அறுத்தாச்சு. பேசின செவுத்தோட புடிச்சிருந்த போல்ட் நட்டு ரெண்டும் துருப்புடிச்சு இருந்துச்சு, முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டிருந்ததால இளகிடுச்சு. கடைசி நட்டு எடுக்கும்போது வீட்ல ஒருத்தர பேசின அடியில தாங்கிக்கச் சொன்னேன். பீங்கான் சமாச்சாரம், பாக்குறத விட கனம் ஜாஸ்தி, அதுவும் விரிசல் விட்டது கையில உடைஞ்சா கத்தி மாதிரி வெட்டும், கிளவுஸ் இல்லாம தொடவே தொடாதீங்க.

கசியுற காக் வாய்ல டெஃப்ளான் டேப் (கசிவ தடுக்குற மெல்லிசான வெள்ளை நாடா) சுத்தி எண்ட் கேப் போட்டு மூடிட்டு மெயின் வால்வ தொறந்தேன். ராத்திரி அதுக்கு நேர் கீழ ஒரு நியூஸ்பேப்பர் விரிச்சு வெச்சுட்டு படுத்தேன், காலைல எழுந்து மொத வேலையா போய் தொட்டுப் பார்த்தேன், காஞ்சே இருந்துச்சு.