ஸ்டுடியோவுக்கு ஸ்டெடிகேம் வாங்குகிறீர்களா? கேபிளிலிருந்து தொடங்குங்கள்

பாட்டுப் போட்டி, நடனப் போட்டி, விருது விழா என்று ஏழெட்டு கேமரா ஓடும் ஃப்ளோருக்கு (படப்பிடிப்புத் தளத்துக்கு) ஸ்டெடிகேம், அதாவது நடந்தபடியே நடுக்கமில்லாமல் எடுக்க உடலில் மாட்டும் கேமரா தாங்கி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, கேமராவைத் தாங்கும் ஸ்பிரிங் கையைப் பற்றி, "ஆர்ம் எத்தனை கிலோ தாங்கும்?" என்றுதான். ஸ்டுடியோ வேலைக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. படம் கேமராவிலிருந்து பி.சி.ஆருக்கு (நிகழ்ச்சியை இயக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு) எந்த வழியில் போகப் போகிறது? எந்த லென்ஸ் மாட்டப் போகிறோம்? இவை இரண்டும் முடிவானால்தான் எடை தெரியும். எடை தெரிந்தால்தான் ஆர்ம் எது என்று தெரியும்.

கேரட் பிரவுன் 1970களில் இந்தக் கருவியை உருவாக்கியது சினிமாவுக்காக. வெஸ்ட் (ஆபரேட்டர் அணியும் உடுப்பு), ஸ்பிரிங் ஆர்ம், ஸ்லெட் (போஸ்ட் எனும் செங்குத்துக் குழாய், அதன் மேலே கேமரா, கீழே மானிட்டரும் பேட்டரியும்) என்ற மூன்று பகுதி அமைப்பு இன்றும் மாறவில்லை. சினிமாவில் கேமரா தனக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளும். ஷாட் முடிந்ததும் இறக்கி வைத்துவிடலாம். ஸ்டுடியோவில் அப்படி இல்லை. படம் வெளியே போக வேண்டும். டாக்பேக் (டைரக்டரின் பேச்சு), டேலி (இந்தக் கேமரா ஒளிபரப்பில் இருக்கிறது என்று காட்டும் விளக்கு), ரிட்டர்ன் வீடியோ (ஒளிபரப்பில் போகும் படம்), ஜென்லாக் (எல்லா கேமராவையும் ஒரே தாளத்தில் ஓட்டும் சிக்னல்) உள்ளே வர வேண்டும். ஐரிஸும் (லென்ஸின் ஒளித்துளை) கலரும் சி.சி.யுவில் (கேமரா கட்டுப்பாட்டுக் கருவியில்) உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே கேபிளில் கொண்டுவருவதுதான் ஹைப்ரிட் ஃபைபர். இரண்டு சிங்கிள் மோட் ஃபைபர் (ஒளியிழை), சிக்னல் வயர், பவர் வயர் எல்லாம் சேர்ந்து 9.2 மி.மீ. விட்டம். ட்ரைபாடில் நிற்கும் கேமராவுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. ஸ்டெடிகேமுக்கு இதுதான் முதல் எதிரி.

காரணம் எளிது. நன்றாக பேலன்ஸ் செய்த ஸ்லெட் ஒரு விரல் தொட்டாலே திரும்பும். கேமராவின் பின்பக்கத்திலிருந்து நேராகத் தொங்கும் 9 மி.மீ. கேபிள், விரலைவிடப் பலமாக இழுக்கும். பேன் செய்து (பக்கவாட்டில் திருப்பி) நிறுத்தினால் ஃப்ரேம் மெதுவாகப் பழைய இடத்துக்கே திரும்பும். ஹொரைசன் (படத்தின் கிடைமட்டம்) கேபிள் இருக்கும் பக்கம் சாயும். ஆபரேட்டர் அதைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்ப்பார். அந்தக் கை அழுத்தம் நடையின் அதிர்வை அப்படியே கேமராவுக்குக் கடத்திவிடும். பிறகு ஆர்ம் எத்தனை லட்சம் ஆனால் என்ன பயன்?

ஆகவே கேமராவிலிருந்து முதல் 3 முதல் 5 மீட்டருக்கு, மெல்லிய, நன்றாக வளையும் தனித் துண்டு கேபிள் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். கனமான ஃப்ளோர் கேபிள் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். போகும் பாதை முக்கியம்: கேமராவின் பின்புறத்திலிருந்து போஸ்ட்டோடு ஒட்டி கிம்பலுக்கு (போஸ்ட்டை ஆர்மோடு இணைக்கும் சுழல் மூட்டுக்கு) சற்று மேல்வரை கொண்டுவந்து கட்டுங்கள். அங்கிருந்து ஒரு சாண் அளவுக்குத் தளர்வான வளையம் விட்டு ஆர்முக்குத் தாண்டுங்கள். ஸ்லெட்டிலிருந்து ஆர்முக்குக் கேபிள் தாண்ட வேண்டிய இடம் கிம்பல் பக்கம்தான். அங்கே இழுவை இருந்தாலும் நெம்பும் தூரம் குறைவு. ஆர்மின் முழங்கை மூட்டில் தொய்வு விட்டு வெல்க்ரோவால் கட்டி, வெஸ்ட்டின் பின் இடுப்பில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஃப்ளோர் கேபிளின் இழுப்பு முழுவதும் அந்த இடுப்புக் கிளாம்பில் நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டி ஒரு கிராம்கூட ஸ்லெட்டுக்குப் போகக் கூடாது. இந்த ஏற்பாட்டில் தொடர்ந்து ஒரே திசையில் முழுச் சுற்று சுற்ற முடியாது, கேபிள் போஸ்ட்டில் சுற்றிக்கொள்ளும். இதை ரிகர்சலிலேயே டைரக்டரிடம் சொல்லிவிடுங்கள். கேபிள் பிடிக்கும் தம்பி மூன்று நான்கு மீட்டர் பின்னால், கையில் எப்போதும் இரண்டு சுற்று வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அவர் ஆபரேட்டரின் காலைப் பார்த்து நடக்க வேண்டும், மேடையை அல்ல. நல்ல கேபிள் உதவியாளர் இல்லாத ஸ்டெடிகேம் பாதி ஸ்டெடிகேம்தான்.

ஹைப்ரிட் ஃபைபர் கேபிளின் கனெக்டரைக் கழற்றி மாட்டும் முன் சி.சி.யுவில் பவரை நிறுத்துங்கள். கழற்றியவுடன் மூடி போடுங்கள். ஃபைபர் முனையில் ஒட்டும் ஒரு தூசியே சிக்னல் அளவைக் குறைத்துவிடும்; படம் திடீரென்று கறுப்பாவது பெரும்பாலும் இதனால்தான்.

"அப்படியென்றால் வயர்லெஸ் போட்டுவிடலாமே" என்று தோன்றும். போடலாம், ஆனால் கணக்குப் பார்த்துப் போடுங்கள். 1080ஐ50 முறையில் (விநாடிக்கு 25 ஃப்ரேம்) ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். படத்தைச் சுருக்கி அனுப்பும் வயர்லெஸ் லிங்க் ஒரு ஃப்ரேம் தாமதித்து, ஸ்விட்சர் (கேமராக்களை மாற்றித் தேர்ந்தெடுக்கும் கருவி) வாசலில் உள்ள ஃப்ரேம் சிங்க் (படத்தை மற்ற கேமராக்களின் நேரத்தோடு ஒத்துவைக்கும் கருவி) இன்னொரு ஃப்ரேம் எடுத்துக்கொண்டால் 80 மில்லிசெகண்ட் போய்விட்டது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை, ஒலி படத்தைவிட 40 மில்லிசெகண்டுக்கு மேல் முந்தக் கூடாது, 60க்கு மேல் பிந்தக் கூடாது என்கிறது. முந்துவதற்கான வரம்பு குறைவு என்பதைக் கவனியுங்கள். வயர்லெஸ் கேமராவில் நடப்பதும் அதுதான்: படம் பிந்தி, ஒலி முந்துகிறது. பேச்சில் பலருக்குத் தெரியாமல் போகலாம். பாடகரின் குளோசப்பிலும் டிரம்ஸ் அடியிலும் பளிச்சென்று தெரியும். மற்ற எல்லா கேமராவையும் ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்துவதுதான் முறையான தீர்வு. ஆனால் அந்தப் படமே மேடையில் உள்ள எல்.இ.டி. திரைக்கும் போகிறது என்றால், திரையில் பாடகரின் உருவம் அவரைவிடப் பிந்தி ஓடும். திரைக்குத் தனியாக, தாமதம் இல்லாத கேமராவைக் கொடுக்க வேண்டி வரும்.

வயர்லெஸுக்குப் போனால் ஐரிஸ் கட்டுப்பாட்டுக்கும் தனி டேட்டா லிங்க் வேண்டும். அதைச் சேர்க்காமல் வாங்கினால், கேமரா மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்டெடிகேம் படம் மட்டும் வேறு நிறத்தில் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் செட்கள் ரிகர்சலில் அருமையாக ஓடி, பார்வையாளர்கள் கைப்பேசியோடு உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு தடுமாறுவது உண்டு. 2 கிகாஹெர்ட்ஸ் வகைக்கு மத்திய அரசின் டபிள்யு.பி.சி. (வயர்லெஸ் அலைவரிசைப் பிரிவு) உரிமம் வேண்டும். எல்.இ.டி. சுவரின் உலோகச் சட்டம் சிக்னலை மறைக்கும் என்பதால், ரிசீவர் ஆன்டெனாக்களை மேடையின் முன்பக்க கிரிட்டில், உயரத்தில், இரண்டு வெவ்வேறு இடங்களில் மாட்டுங்கள். ஒரே ஃப்ளோரில் வாரம் முழுக்க நடக்கும் நிகழ்ச்சிக்கு நான் கேபிளைத்தான் பரிந்துரைப்பேன். பெரிய மேடையில் பார்வையாளர் நடுவே ஓட வேண்டிய ஒருநாள் விழாவுக்கு வயர்லெஸ்.

அடுத்தது லென்ஸ். ஸ்டுடியோ பாக்ஸ் லென்ஸ் (பெட்டி வடிவப் பெரிய லென்ஸ்) இதில் ஏறாது. 2/3 அங்குல சென்சார் கேமராவுக்கு 4.3 அல்லது 4.5 மி.மீட்டரில் தொடங்கும் வைட் ஜூம்தான் சரியான தேர்வு. கேனனிலும் ஃபுஜினானிலும் இந்த வகை இருக்கிறது. எடை ஏறத்தாழ 2 கிலோ. 4.5 மி.மீட்டரில் பக்கவாட்டுக் கோணம் ஏறத்தாழ 94 டிகிரி. எஃப்4 ஐரிஸில், எச்.டி. பிக்சல் அளவை வைத்துக் கணக்குப் போட்டால், 1 மீட்டரில் ஃபோகஸை வைத்துவிட்டு அரை மீட்டரிலிருந்து முடிவிலி வரை கூர்மையாக எடுக்கலாம். ஃபோகஸைத் தொடவே வேண்டாம். அதே லென்ஸை 15 மி.மீட்டருக்கு ஜூம் செய்து 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால், 2.4 முதல் 4.1 மீட்டர் வரைதான் கூர்மை. எனவே ஜூம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஃபோகஸ் மோட்டார் கட்டாயம். டி.வி. லென்ஸின் பற்களும் சினிமா லென்ஸின் பற்களும் ஒரே அளவு அல்ல. மோட்டார் வாங்கும்போது லென்ஸைக் கையோடு கொண்டுபோய்ப் பல்சக்கரம் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத பல் முதல் நாள் ஓடும், பிறகு வழுக்கும்.

சூப்பர் 35 சென்சார் (சினிமா அளவுப் பெரிய சென்சார்) கேமரா படம் அழகாக இருக்கிறதே என்று சிலர் அதை மாட்டச் சொல்வார்கள். அதே கோணத்துக்கு அங்கே 12 மி.மீ. லென்ஸ் வேண்டும், அதே எஃப்4-இல் கூர்மை ஏறத்தாழ 1.4 மீட்டரிலிருந்துதான் தொடங்கும். ஃபோகஸ் புல்லர் (ஃபோகஸை மட்டும் கவனிப்பவர்) ஒருவர் நாள் முழுக்க வேண்டும். பட்ஜெட்டில் அவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

லென்ஸ் மாட்டியதும் பேக் ஃபோகஸ் (லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரத் திருத்தம்) சரிபாருங்கள். ஐரிஸை முழுக்கத் திறந்து, 3 மீட்டர் தூரத்தில் ஸ்டார் சார்ட் (நட்சத்திர வடிவச் சோதனை அட்டை) வைத்து, டெலியில் (முழு ஜூமில்) ஃபோகஸ், வைடில் பேக் ஃபோகஸ் என்று மாற்றி மாற்றி இரண்டும் ஒத்துவரும் வரை. ஸ்டெடிகேம் பெரும்பாலும் வைடில் நிற்பதால், இந்தப் பிழை மற்ற கேமராக்களைவிட இதில்தான் அதிகம் தெரியும்.

இப்போது எடை. ஒரு மாதிரிக் கணக்கு: பாடி 4.5 கிலோ, லென்ஸ் 2, மோட்டாரும் ரிசீவரும் அரை, பிளேட் அரை, கேபிள் துண்டும் கிளாம்பும் அரை. ஆக 8 கிலோ. வியூஃபைண்டரைக் கழற்றிவிடுங்கள், மானிட்டர் ஸ்லெட்டில் இருக்கிறது. மானிட்டர், பேட்டரியோடு ஸ்லெட் 6 கிலோ என்றால் ஆர்ம் தூக்குவது 14. விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை வரம்பு கேமராவுக்கு மட்டுமா, ஸ்லெட்டும் சேர்த்தா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். வரம்பின் உச்சியில் ஸ்பிரிங்கை இறுக்கி ஓட்டக் கூடாது. அடிமட்ட எல்லைக்குக் கீழே போனாலும் ஆர்ம் மிதக்காது, துள்ளும். நீங்கள் ஏற்றும் எடை, அந்த வரம்பின் நடுப்பகுதியில் விழ வேண்டும்.

தோளில் வைக்கும் கேமராக்களின் வி வடிவ விரைவுப் பிளேட்டில் நூலளவு ஆட்டம் இருக்கும். ட்ரைபாடில் தெரியாது, ஸ்டெடிகேமில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சின்ன நடுக்கமாகத் தெரியும். முடிந்தால் பாடியை நேராக 3/8 அங்குலத் திருகாணிகள் இரண்டால் டவ்டெயில் பிளேட்டில் (ஸ்லெட்டின் மேல் சறுக்கிப் பூட்டும் தகட்டில்) பூட்டுங்கள். பூட்டியபின் கேமரா தலையில் விரலால் தட்டி மானிட்டரைப் பாருங்கள். படம் ஒருமுறைக்கு மேல் அதிர்ந்தால் எங்கோ தளர்வு இருக்கிறது.

மானிட்டருக்கு ஸ்டுடியோவில் வெயில் பிரச்சினை இல்லை, அதனால் அதிக வெளிச்சத்துக்குக் காசு கொட்ட வேண்டாம். பார்க்க வேண்டியது தாமதம். இன்டர்லேஸ் (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும்) படத்தைப் பதப்படுத்தும்போது சில மானிட்டர்கள் இரண்டு மூன்று ஃப்ரேம் பிந்தும். ஆபரேட்டர் எப்போதும் கடந்துபோன ஃப்ரேமுக்குத் திருத்தம் செய்துகொண்டிருப்பார். லென்ஸுக்கு முன் கையை வேகமாக ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். டேலி விளக்கை மானிட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ரிட்டர்ன் பார்க்கும் பொத்தான் கிம்பல் பிடியில் கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும்.

பேலன்ஸ் செய்யும் வரிசை இது. எல்லாம் மாட்டிய கேமராவை ஓர் உருண்டைக் கம்பியின் மேல் வைத்து ஈர்ப்பு மையம் கண்டுபிடித்து, பிளேட்டில் டேப் ஒட்டுங்கள். அந்தக் குறி போஸ்ட்டின் மையத்துக்கு ஏறத்தாழ 2 செ.மீ. பின்னால் வருமாறு ஏற்றுங்கள். ஸ்டாண்டில் மாட்டி, முன்பின், இடவலம் இரண்டையும் மேல்மேடையின் (போஸ்ட்டின் மேல் கேமரா உட்காரும் தட்டின்) திருகுகளால் சரிசெய்யுங்கள். பிறகு போஸ்ட்டைக் கிடைமட்டமாகப் பிடித்து விடுங்கள். செங்குத்தாக வர எடுக்கும் நேரம்தான் டிராப் டைம். கிம்பலைக் கேமரா பக்கம் ஏற்றினால் வேகமாக விழும், இறக்கினால் மெதுவாக. வயர்லெஸ் என்றால் 3 விநாடியோ சற்று கூடுதலோ வையுங்கள். நடனத்தோடு ஓடி சட்டென்று நிற்கும்போது ஸ்லெட் ஊசலாடாது. கேபிள் இருந்தால் 2 முதல் 2.5 விநாடி, அடிபாரம் கொஞ்சம் இருந்தால்தான் கேபிள் இழுப்பை எதிர்த்து ஹொரைசன் நிற்கும்.

கடைசியாக டைனமிக் பேலன்ஸ் (சுழலும்போதும் தள்ளாடாத சமநிலை). கேபிளைக் கழற்றிவிட்டு போஸ்ட்டைச் சுழற்றுங்கள், ஒரு சுற்றுக்கு 2 அல்லது 3 விநாடி. போஸ்ட் தள்ளாடினால் பேட்டரியை 1 செ.மீ. நகர்த்தி, மேல்மேடையில் மீண்டும் நிலை பேலன்ஸ் செய்து, மறுபடி சுழற்றுங்கள். தள்ளாட்டம் கூடினால் எதிர்த்திசையில் நகர்த்துங்கள். கிடைத்த இடங்களை போஸ்ட்டிலும் பேட்டரி நகரும் தண்டிலும் குறித்து வைத்தால் மறுநாள் பத்து நிமிட வேலை. மாற்று பேட்டரிகள் எல்லாம் ஒரே மாடலாக, ஒரே எடையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடைவேளைக்குப் பின் இத்தனையும் வீண்.

வெஸ்ட்டின் பாரம் இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் அல்ல. ஆர்ம் சாக்கெட்டின் இரண்டு திருகுகளையும் ஆபரேட்டரின் நிற்கும் பழக்கத்துக்கு ஏற்ப திருப்பி, கையை எடுத்தாலும் ரிக் அதே இடத்தில் நிற்கும்வரை சரிசெய்யுங்கள். ஆபரேட்டர் மாறினால் இதையும் மாற்ற வேண்டும். அவர் சுமப்பது வெஸ்ட், ஆர்ம் சேர்த்து 23, 24 கிலோ. அதனால் மேடையின் பக்கவாட்டில், மணல்மூட்டை போட்ட டாக்கிங் ஸ்டாண்ட் (ரிக்கை இறக்கி மாட்டும் தாங்கி) ஒன்று நிரந்தரமாக நிற்கட்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நடுவர்கள் பேசும் நேரம் ஸ்டெடிகேம் இறக்கி வைக்கும் நேரம் என்று ரன் ஆர்டரிலேயே (நிகழ்ச்சி நிரலிலேயே) எழுதிவிடுங்கள்.

எலெக்ட்ரானிக் கிம்பல் (மோட்டார்களால் கேமராவை நிலைநிறுத்தும் தாங்கி) போதாதா என்ற கேள்விக்கு: சிறிய பாடி, வயர்லெஸ் என்றால் போதும். ரோனின் 2 போன்றவை 13.6 கிலோ வரை தாங்கும், ஹொரைசனைத் தாமே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஹைப்ரிட் கேபிள் தொங்கினால் மோட்டார்கள் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டும். நீளமான தோள் கேமரா அதன் சட்டத்துக்குள் அடங்குவதும் கஷ்டம்.

பழைய ரிக் வாங்குவதில் தவறில்லை. போஸ்ட்டுக்குள் ஓடும் வீடியோ வயர் பழைய காம்போசிட் (எச்.டி.க்கு முந்தைய அனலாக் வீடியோ) காலத்தது என்றால் எச்.டி.-எஸ்.டி.ஐ.யின் (எச்.டி. டிஜிட்டல் சிக்னலின்) 1.485 கிகாபிட் வேகத்துக்குத் தாங்காது. மானிட்டரில் புள்ளிகள் மின்னும். 1080ஐ50 சிக்னலை ஓட்டியபடியே போஸ்ட்டை நீட்டிச் சுருக்கிப் பாருங்கள். பேலன்ஸ் செய்த ஸ்லெட்டைக் கிம்பலில் மிக மெல்லத் தள்ளுங்கள். ஒட்டி நின்று பிறகு நகர்ந்தால் பேரிங் போய்விட்டது. ஆர்மின் உள்கம்பிகளில் பிசிறு இருந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள், பாடகர் மேல் விழக்கூடிய பொருள் அது. பெட்டியில் கூடுதலாக இருக்க வேண்டியவை: மெல்லிய துண்டு கேபிள் இன்னொன்று, 75 ஓம் பி.என்.சி. கேபிள் குட்டையாக இரண்டு, 3/8 திருகாணிகள் நான்கு, ஆலன் கீ செட், வெல்க்ரோப் பட்டைகள், ஃபைபர் துடைப்பான், லென்ஸின் ஜூம் வயர் ஒன்று.