கிடைக்கும்னு வச்சுக்கோ

"சார், இந்த போட்டுக்கு நெட் எப்படிக் கிடைக்குது?"

அவன் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்னதும் சின்னதுதான்: "விளையாட்டுதானடே, கிடைக்கும்னு வச்சுக்கோ." வகுப்பு சிரித்தது. "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டான்.

விளையாட்டு பழையது. அமெரிக்காவில் டென்னிஸ் மெடோஸ் உருவாக்கிய மீன்பிடி விளையாட்டை ஒட்டி, சில வருடங்களாகச் சார்ட் அட்டையில் ஆடிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு குழுவும் ஒரு கம்பெனி. போட் வாங்கலாம், கரைக்கடலா ஆழ்கடலா என்று முடிவெடுக்கலாம். எல்லாரும் அள்ளினால் மீன் தீர்ந்துபோகும். அந்த ஜூலையில் அதை நெட்டுக்கு ஏற்றினேன். முடிவுகளை கூகுள் ஷீட்டில் போட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், கடல் நிலையை முன்னறிவிக்கும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் தளத்தில் நம் கடலுக்கான அலை, காற்று முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். அலை மூன்று மீட்டரைத் தாண்டினால் கட்டம் சிவப்பு. சிவப்பில் கடலில் நின்றால் போட் போச்சு. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள்கூட காற்றின் திசையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எனக்கு ஒரே பெருமை.

அவன் வீடு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம். தங்குகடல் போகிற ஊர்கள். போனால் திரும்ப வாரக்கணக்காகும். கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே டவர் போய்விடும். 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கி புயலானது. அந்த ஊர்க்காரர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். இந்த மாவட்டத்தில் இது தெரியாதவர் யார்? எனக்கும் தெரியும். தெரிந்துதான் எல்லா போட்டுக்கும் நெட் கொடுத்திருக்கிறேன்.

நாற்பது நிமிட வகுப்பில் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும், அது நியாயம்தான். 2019-இல் இன்காய்ஸ் கொண்டுவந்த ஜெமினி கருவியைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்கே எச்சரிக்கை வரும். ஆனால் அதில் போட்டுக்குச் செய்தி வருமே தவிர, போட்டிலிருந்து பதில் போகாது. அவன் அடுத்து அதைத்தான் கேட்டிருப்பான். அதற்கும் 'வச்சுக்கோ' என்றிருப்பேனோ என்னவோ.

அடுத்த வருடம் விதியை மாற்றினேன். ஆழ்கடல் போகிற குழு மானிட்டரை அணைத்துவிட வேண்டும், முன்னறிவிப்பு கிடையாது. ஒருவரும் ஆழ்கடல் பக்கம் போகவில்லை. எல்லாரும் கரைக்கடலிலேயே வலை போட்டு, நாலாவது சுற்றில் மீன் தீர்ந்து, மணி அடிக்கும் முன்பே ஆட்டம் முடிந்தது. கடன் இல்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய அவசரம் இல்லை, அப்புறம் எதற்குப் போவார்கள்? அப்படியானால் பழைய விதியே தேவலையா? இந்த வருடம் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவனுடைய அப்பா போட்டில் போகிறவரா என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவானோ என்று பயந்தேன் என இப்போது சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு அந்த பயமெல்லாம் இல்லை; ஷீட் ஹேங் ஆகிவிடக் கூடாதே என்ற கவலைதான்.

அன்றைய ஆட்டத்தின் ஆறாவது சுற்றில் அவன் குழு சிவப்பில் நின்று போட்டை இழந்தது. முடிவுக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு, இரண்டு மார்க். அவன் 'டவர் இல்லை' என்று டைப் செய்திருந்தான். குசும்பு என்று நினைத்துப் பூஜ்யம் போட்டேன். அந்த ஷீட் இன்னும் டிரைவில் கிடக்கிறது.