சாவியைத் தொலைத்துவிட்டு ஜிபிஜி படித்தேன்

எல்பிஐசி-1 என்ற லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழின் இரண்டாம் தாளுக்குப் (102-500) படிக்கிறவர்களில் பலர் 110.3 தலைப்பைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுவார்கள். நானும் தள்ளினேன். என்க்ரிப்ஷன் பகுதி அது, கோப்புகளைப் பூட்டித் திறக்கும் ஜிபிஜி நிரல் அதில்தான் வருகிறது. அதற்கு எடை 4, அதாவது ஏறக்குறைய நாலு கேள்வி. மொத்தமே 60 கேள்வி, 90 நிமிடம், 800 வரை போகிற மதிப்பெண்ணில் 500 வேண்டும், அதனால் நாலு கேள்வியைச் சும்மா விட்டுக்கொடுக்க முடியாது.

என் கதையைக் கேளுங்கள். பழகுவதற்காக என் படிப்புக் குறிப்புகளையே என் பப்ளிக் சாவியால் (பூட்டுவதற்கு, யாருக்கும் கொடுக்கக்கூடியது) பூட்டி பென்டிரைவில் வைத்தேன், அப்புறம் லேப்டாப்பில் லினக்ஸைப் புதிதாகப் போட்டேன். கோப்பு இருக்கிறது, பாஸ்ஃப்ரேஸ் (நீளமான கடவுச்சொல்) ஓர் எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது, ஆனால் ரகசியச் சாவி (திறப்பதற்கான பிரைவேட் சாவி) இல்லை என்று ஒரே வரியில் கைவிரித்துவிட்டது ஜிபிஜி. பாஸ்ஃப்ரேஸ்தான் கோப்பைத் திறக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். கோப்பைப் பூட்டுவது அந்த ஒரு முறைக்கென்று உருவாகும் செஷன் சாவி, அதைப் பூட்டுவது பப்ளிக் சாவி. பாஸ்ஃப்ரேஸ் என்பது வட்டில் கிடக்கும் பிரைவேட் சாவிக்கு மட்டும் காவல். அந்தப் பிரைவேட் சாவியோ, ஹோம் டைரக்டரியில் புள்ளியில் தொடங்கும் க்னூபிஜி டைரக்டரியோடு சேர்ந்து அழிந்து போயிருந்தது. பிரைவேட் சாவியை வெளியே பிரதியெடுத்து வைக்கும் எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-கீஸ் என்ற கட்டளை எதற்கு என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

அதற்குப் பிறகு படித்த விதம் இது. ஒரே கணினியில் அனுப்புநர், பெறுநர் என்று இரண்டு யூசர்களை உருவாக்குங்கள். பெறுநர் சாவி உருவாக்கி, பப்ளிக் சாவியை ஆர்மர் ஆப்ஷனோடு (சாதாரண எழுத்து வடிவில் தரும்) எக்ஸ்போர்ட் செய்து கொடுக்கட்டும். அனுப்புநர் அதை இம்போர்ட் செய்து, சாவியின் அடையாளமான 40 இலக்க ஃபிங்கர்பிரிண்டை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கோப்பைப் பூட்டட்டும். இப்போது அதே கோப்பை அனுப்புநராகவே திறந்து பாருங்கள். திறக்காது! பூட்டியவர் தன்னையும் ஒரு ரெசிப்பியன்டாக (பெறுநராக) சேர்க்கவில்லை என்றால் அவருக்கும் கதவு மூடியதுதான். புத்தகத்தில் இதை மூன்று முறை படித்திருந்தேன், கையால் செய்து பார்த்தபோதுதான் ஒட்டியது.

ஒரு எச்சரிக்கை: எஸ்யூ கட்டளையில் யூசர் மாறிச் செய்தால், பாஸ்ஃப்ரேஸ் கேட்கும் பெட்டி வராமலே பிழை வரலாம். அந்த டெர்மினல் இன்னமும் பழைய யூசருக்கே சொந்தம், அதனால்தான். நான் ஒரு மாலை முழுக்க சாவிதான் கெட்டுவிட்டது என்று அழித்து அழித்து உருவாக்கிக்கொண்டிருந்தேன். வேறொரு கன்சோலில் தனியாக லாகின் செய்யுங்கள், சரியாகிவிடும்.

திறக்கும்போது டீக்ரிப்ட் மட்டும் கொடுத்தால் உள்ளடக்கம் திரையில் கொட்டும். படக் கோப்பாக இருந்தால் டெர்மினலே அலங்கோலம். கோப்பாக வேண்டுமென்றால் அவுட்புட் ஆப்ஷனை டீக்ரிப்டுக்கு முன்னால் எழுதுங்கள், கோப்புப் பெயருக்குப் பின்னால் எழுதினால் அதை ஆப்ஷனாகவே எடுத்துக்கொள்ளாது. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளும் உண்டு என்பதால் இந்த வரிசையெல்லாம் விரலுக்குப் பழகியிருக்க வேண்டும். (என்ன கேள்வி வந்தது என்று கேட்காதீர்கள், வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வே எழுதுகிறோம்.)

இரண்டாம் முறை பாஸ்ஃப்ரேஸ் கேட்காமலே திறந்தால் பதற வேண்டாம், பின்னணியில் ஓடும் ஜிபிஜி ஏஜென்ட் என்ற துணை நிரல் அதை நினைவில் வைத்திருக்கிறது. இயல்பாக 600 விநாடி.

ரிவோகேஷனை, அதாவது சாவி இனி செல்லாது என்று ரத்து செய்வதை, மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜிபிஜி 2.1 பதிப்பிலிருந்து சாவி உருவாகும்போதே ரிவோகேஷன் சான்றிதழும் தானாக உருவாகிவிடுகிறது. தவறுதலாக இம்போர்ட் ஆகிவிடக் கூடாது என்று அதன் முதல் கோடுகளுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்திருப்பார்கள், அதை எடுத்தால்தான் வேலை செய்யும். பெறுநரின் சாவியை இப்படி ரத்து செய்துவிட்டு, முன்பு பூட்டிய கோப்பைத் திறந்து பாருங்கள், அது இன்னும் திறக்கும்.