இழப்பீட்டுக் கோப்பை யார் படிக்கிறார்கள்?

நிறுவனங்களின் விபத்துப் பதிவேடுகளையும் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் படித்துப் பார்ப்பது என் தொழிலில் பெரும்பகுதி. பெரும்பாலான இடங்களில் ஒரே ஏற்பாட்டைத்தான் காண்கிறேன். தொழிலாளி காயமடைந்ததும் படிவம் மனிதவளத் துறைக்குப் போகிறது. அங்கிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது. பணம் பட்டுவாடா ஆனதும் கோப்பு மூடப்படுகிறது. பாதுகாப்புப் பிரிவு வேறொரு பக்கம் பயிற்சி நடத்திக்கொண்டும் ஹெல்மெட் எண்ணிக்கொண்டும் இருக்கிறது. இயந்திரத்துக்கு எந்தக் கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடி) வாங்குவது, எந்த ஷிப்டில் எத்தனை ஆள் போடுவது என்று முடிவெடுப்பவர் அந்தக் கோப்பைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்பதற்கு முதலாளியிடம் உள்ள மிக நம்பகமான சான்று, பணம் கொடுத்து வாங்கிய சான்று, இப்படி அலமாரியில் முடங்கிக் கிடக்கிறது.

இழப்பீட்டையும் தடுப்பையும் இரண்டு வேலைகளாகப் பிரித்தது பிற்கால நிர்வாகப் பழக்கம். இழப்பீட்டு ஏற்பாடு தொடங்கியபோது அவை ஒன்றாகவே இருந்தன. அதற்கு முன்பு, 1830களில் இங்கிலாந்தில் ப்ரீஸ்ட்லி என்ற இறைச்சிக் கடைப் பணியாள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்ததில் தொடை எலும்பு முறிந்து, முதலாளி ஃபௌலர் மீது வழக்குத் தொடுத்தார். நடுவர் குழு 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. 1837இல் மேல்விசாரணையில் நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். வண்டியின் நிலை முதலாளிக்குத் தெரிந்த அளவுக்கு வேலையாளுக்கும் தெரிந்திருக்கும், விருப்பமில்லையென்றால் ஏற மறுத்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அதன்பின் பல பத்தாண்டுகளுக்குக் காயமடைந்த தொழிலாளி முதலாளியின் தவறை நிரூபித்தால்தான் பணம் என்ற நிலையே நீடித்தது. 1884இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. யார் தவறு என்று பார்க்காமல் இழப்பீடு கிடைக்கும். அதற்கான நிதியை முதலாளிகளே செலுத்த வேண்டும். ஒவ்வொரு தொழிலின் முதலாளிகளும் ஒரு சங்கமாகச் சேர்ந்தாக வேண்டும். அந்தச் சங்கங்களுக்கு இன்னொரு அதிகாரமும் இருந்தது. விபத்துத் தடுப்பு விதிகளை வகுக்கவும், அவை பின்பற்றப்படுகின்றனவா என்று தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்கவும், ஆபத்து கூடிய தொழிலுக்குக் கூடுதல் கட்டணம் விதிக்கவும் அவற்றால் முடிந்தது. பணம் கட்டுகிறவர்களே விதியும் வகுத்தார்கள்.

பிரிட்டனில் 1897இலும், அமெரிக்க மாநிலங்களில் 1911 முதலும், இந்தியாவில் 1923இலும் வந்த சட்டங்கள் இழப்பீட்டை எடுத்துக்கொண்டன. தடுப்பை வேறு சட்டங்களுக்கும் வேறு அலுவலர்களுக்கும் விட்டுவிட்டன. இரண்டையும் இணைக்கும் கயிறாகப் பல நாடுகளில் மிஞ்சியது விபத்துக் காப்பீட்டுக்கு முதலாளி கட்டும் பிரீமியம் ஒன்றுதான். அமெரிக்காவில் இது வெளிப்படையாகவே நடக்கிறது. பொதுவாக மூன்று ஆண்டுகளின் கோரிக்கைகளை எடுத்து, அதே தொழிலில் உள்ள மற்ற நிறுவனங்களின் சராசரியோடு ஒப்பிட்டு, ஒரு குணகம் கணக்கிடுகிறார்கள். 1.00 என்றால் சராசரி. அதற்கு மேல் போனால் பிரீமியம் கூடும். அண்மைய ஆண்டு அந்தக் கணக்கில் சேராது என்பதால், இன்று நடக்கும் விபத்தின் விலை தாமதமாகத்தான் தெரியத் தொடங்கும். தெரியத் தொடங்கினால் மூன்று ஆண்டுகளுக்கு விடாது. ஒரே ஒரு பெரிய விபத்தைவிட அடிக்கடி நேரும் சிறு விபத்துகளே குணகத்தை அதிகம் ஏற்றும்படி சூத்திரம் அமைந்திருக்கிறது. சிறு விபத்துகள் மலிந்த இடத்தில் பெரிய விபத்து வரும் என்ற எதிர்பார்ப்பு அதன் பின்னால் இருக்கிறது.

கணக்கு நியாயமானதுதான். ஆனால் பிரீமியத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு என்பதை ஒவ்வொரு நிர்வாகமும் வெகு சீக்கிரம் கண்டுகொள்கிறது. காயங்களைக் குறைப்பது ஒன்று. காயம் பதிவேட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது வழி மலிவானது. அதைச் செய்கிறோம் என்று யாரும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. வாசலில் "விபத்தில்லா நாட்கள்" பலகை ஒன்றை மாட்டி, மாதக் கடைசியில் எண்ணிக்கை தொடர்ந்தால் குழுவுக்கே பரிசு என்று அறிவித்தால் போதும். விரலில் தையல் போட்டவர் பக்கத்தில் இருப்பவர்களின் பரிசைக் கெடுக்கக்கூடாது என்று தன் செலவில் மருத்துவரிடம் போய்விட்டு வருவார். காயத்தைத் தெரிவித்தவரைத் தண்டிக்கும், அல்லது தெரிவிக்கத் தயங்க வைக்கும் நடைமுறைகளுக்கு எதிராக அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 2016இல் தனி விதியே கொண்டுவர வேண்டியிருந்தது.

பலகையில் உள்ள எண் எதைச் சொல்லாது என்பதற்கு மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று நடந்ததைவிடக் கொடுமையான சான்று எனக்குத் தெரியவில்லை. டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைப்பு மேடையில் ஏழு ஆண்டுகளாக வேலைநாள் இழப்பு ஏற்படுத்திய விபத்து எதுவும் இல்லை என்பதைப் பாராட்ட அன்று நிறுவன அதிகாரிகள் மேடைக்கே வந்திருந்தார்கள். அன்றிரவு கிணறு கட்டுப்பாட்டை மீறி வெடித்து 11 பேர் இறந்தார்கள். கையில் வெட்டுக்காயமும் காலில் சுளுக்கும் இல்லை என்பது கிணற்றின் அழுத்தத்தைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. ஒன்றை அளந்து மற்றொன்றைப் பாதுகாத்ததாக நம்புவது பெரிய நிறுவனங்களுக்கே உரிய மயக்கம். சிறிய இடங்களில் அந்த மேடையே இருக்காது, ஆனால் பலகை இருக்கும்.

சரி, கோப்பைப் படிப்பது என்றால் என்ன? அட்டைப் பெட்டி கட்டும் இடத்திலிருந்து வரும் வழக்கமான படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காயம்: வலது கை நடுவிரல், மோதிர விரல் நசுங்கல். நேரம்: இரவு ஷிப்ட் முடிய அரை மணி இருக்கையில். காரணம் என்ற கட்டத்தில் சூப்பர்வைசர் எழுதியிருப்பது: "தொழிலாளியின் கவனக்குறைவு." எடுத்த நடவடிக்கை: "அறிவுரை வழங்கப்பட்டது." இத்தோடு கோப்பு முடிகிறது. நேரில் போய்க் கேட்டால் வேறு கதை வரும். கன்வேயரின் உருளையில் அட்டை சிக்குவது ஒரு ஷிப்டில் பல முறை நடக்கிறது. நிறுத்தும் பொத்தான் எதிர்ப்பக்கம் இருக்கிறது. நிறுத்தினால் மீண்டும் ஓட்ட நேரமாகும்; அந்த நேரம் ஆபரேட்டரின் உற்பத்திக் கணக்கில் பிடிக்கப்படும். உருளையை மூடும் கார்டைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும் என்பதால், துப்புரவு செய்தவர்கள் கழற்றி வைத்தது சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. அந்த ஷிப்டில் யார் நின்றிருந்தாலும் கையை உள்ளே விட்டுத்தான் இருப்பார்கள். முந்தைய படிவங்களைப் புரட்டினால் அதே உருளையில் ஒரு நகம் பெயர்ந்ததும், ஒரு கையுறை இழுபட்டதும் தனித்தனிப் பெயர்களில், தனித்தனிக் கவனக்குறைவுகளாக எழுதப்பட்டிருக்கும்.

இதற்கான தீர்வுகளின் வரிசை தொழில் பாதுகாப்புத் துறையில் எல்லோருக்கும் பாடமானது. ஆபத்தை நீக்குவது முதலில், பிறகு குறைந்த ஆபத்துள்ளதை வைத்து மாற்றுவது, பிறகு இயந்திர அமைப்பால் தடுப்பது, பிறகு விதிமுறையும் பயிற்சியும், கடைசியில் கையுறையும் கண்ணாடியும். 2018இல் வெளியான, தொழில் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 45001உம் இந்த வரிசையையே கேட்கிறது. நடைமுறையில் எல்லோரும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள், கையுறை இந்த மாதப் பட்ஜெட்டிலேயே அடங்கும் என்பதால். திறந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும் கார்டு ஒன்றின் விலையை அந்த உருளையின் கோரிக்கைகளுக்குக் கட்டிய மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டும் வரை கணக்குப் பிரிவு அசையாது. அந்தத் தொகை இருப்பது இழப்பீட்டுக் கோப்பில்தான்.

காயம் நேர்ந்த பின் முதலாளி செய்ய வேண்டியவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலாவது, அந்த இடத்தைக் கழுவித் துடைப்பதற்கு முன் படம் எடுப்பதும், பார்த்தவர்களைத் தனித்தனியே கேட்டு அன்றே எழுதுவதும். மறுநாள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். இரண்டாவது, வேலைக்குத் திரும்புவது. மருத்துவர் "கனமான வேலை கூடாது" என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறார். எது கனம் என்று யாருக்கும் தெரியாததால் ஆள் வாரக்கணக்கில் வீட்டிலேயே இருக்கிறார், அல்லது பழைய இடத்திலேயே நின்று காயத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார். அந்த வேலையில் எத்தனை கிலோ, எந்த உயரத்துக்கு, எத்தனை முறை தூக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி மருத்துவருக்கு முன்கூட்டியே அனுப்பினால், அவரும் அதே அளவுகளில் பதில் எழுதுவார். மாற்று வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கட்டுப் போட்ட கையோடு ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, வேலைநாள் இழப்பு இல்லை என்று பதிவேட்டில் காட்டுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தப் பதிவேட்டுக்குள் வருவதே அரிது. கூரை ஏறுவது, தொட்டிக்குள் இறங்குவது, இரவில் இயந்திரம் துடைப்பது போன்ற வேலைகள் அவர்களிடம்தான் போகின்றன. காயம் ஒப்பந்தக்காரரின் கணக்கில் எழுதப்படுகிறது, பெரும்பாலும் எங்கும் எழுதப்படுவதில்லை. இந்தியச் சட்டம் உட்படப் பல சட்டங்களில் ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதன்மை முதலாளியே முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே மூன்று ஆண்டுக் கோரிக்கைகளை ஒன்றாக எடுத்து வைத்துப் படிக்க முன்வரும் எந்த நிறுவனமும், ஒப்பந்தக்காரர்களின் காயப் பதிவுகளையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளட்டும். அடுக்கும்போது ஆள் பெயர் வாரியாக அல்லாமல் இயந்திரம் வாரியாகவும், இடம் வாரியாகவும், ஷிப்ட் நேரம் வாரியாகவும் அடுக்கட்டும்.