அலை பாலாகிவிடாமல்: முட்டம் பாறைகளில் நீள எக்ஸ்போஷர்

கடலை நீள எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்து, எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர். லென்ஸுக்கு முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி அது; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். முப்பது நொடி திறந்து வைத்தால் கடல் பாலாகிவிடும்; பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாலைந்து மாலைக்குப் பிறகு அந்தப் பால் திகட்டும். எந்த ஊர்க் கடலானாலும் ஒரே படம். குமரி மாவட்டத்து முட்டம் பாறைகளில் கால் நொடி முதல் நான்கு நிமிடம் வரை மாற்றி மாற்றி எடுத்ததில் தெரிந்தவை இங்கே. கரையோரத்துக்கு வேண்டியது பெரும்பாலும் அரை நொடிக்கும் இரண்டு நொடிக்கும் இடைப்பட்ட நேரம்தான். அதிகம் உழைத்தது ஆறு ஸ்டாப் ஃபில்டர். பத்து ஸ்டாப் பையிலேயே தூங்கியது.

முட்டத்துக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தோது. கடல் ஓரளவு அடங்கியிருக்கும், சூரியனும் தென்மேற்கே நகர்ந்து கடலுக்கு மேலேயே விழும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பாறைகளுக்குக் கீழே இறங்குவது வீண் வேலை.

முதலில் நேரக்கணக்கு. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு) என்று வைத்தால், வானம் தெளிந்த நாளில், சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது கேமராவின் ஒளி மீட்டர் சுமார் 1/30 நொடி காட்டும். ஆறு ஸ்டாப் போட்டால் அது 2 நொடி. பத்து ஸ்டாப் போட்டால் 34 நொடி. சூரியன் மறையும் நேரத்தில் ஃபில்டர் இல்லாமல் 1/8 நொடி. மூன்று ஸ்டாப் போட்டால் 1 நொடி. அதன்பின் கால் மணி போல ஆனால் வெறும் லென்ஸிலேயே 1 நொடி வந்துவிடும். ஆக, ஆறிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஒன்றுமில்லாமல் என்று கழற்றிக்கொண்டே போனால் ஒரு மாலை முழுக்க ஒரு நொடியை ஒட்டியே எடுக்கலாம். மேகம் இருந்தால் கணக்கு ஒன்றிரண்டு ஸ்டாப் நகரும். இந்தப் பகுதியில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், சூரியன் மறைந்து இருபது இருபத்திரண்டு நிமிடத்தில் நல்ல வெளிச்சம் போய்விடும். எனவே ஒவ்வொரு படத்துக்கும் மீட்டரை மறுபடி பார்க்க வேண்டும்.

இனி அலை. ஒரே இடத்தில், ஒரே மாதிரி வரும் அலைகளுக்கு, நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தபோது கிடைத்தது இது. கால் நொடியில் தெறிக்கும் துளிகள் நூலாக நீளும், அலையின் உடல் அப்படியே நிற்கும். அரை நொடியில் பாறையிலிருந்து வழியும் நீர் கோடுகோடாகப் பிரியும். ஒன்று முதல் இரண்டு நொடியில் மணலில் திரும்பி ஓடும் நுரை நீண்ட இழைகளாகிக் கண்ணைக் கடலுக்குள் இழுத்துப் போகும். நான்கு நொடியில் இழைகள் ஒன்றோடொன்று கலந்து பாறையடியில் புகை படிகிறது. எட்டுக்கு மேல் கோடு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அதற்கு மேலே ஒரு விசித்திரம். தொலைதூரத்திலிருந்து வரும் அலைகள் அங்கே பத்துப் பதினைந்து நொடிக்கு ஒன்றாக வந்து மோதும். இரண்டு மூன்று அலை அடங்கும் அளவுக்குத் திறந்தாயிற்று என்றால், அதற்குமேல் தண்ணீரில் மாற்றமே இல்லை. 40 நொடிப் படத்தையும் 4 நிமிடப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் கடல் இரண்டிலும் ஒன்றுதான். மாறுவது மேகம் மட்டும். மேகம் ஓடாத நாளில் நிமிடக்கணக்கில் திறந்து வைப்பது பேட்டரிக்குக் கேடு, வேறு பயனில்லை. சூரியன் படச் சட்டத்துக்குள் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: அது இரண்டு நிமிடத்தில் தன் விட்டத்தின் அளவு நகர்ந்துவிடும், படத்தில் வட்டம் போய் மாத்திரை வடிவம் வரும்.

பட்டனை எப்போது அழுத்துவது என்பதில்தான் பாதிப் படங்கள் கெட்டன. அலை ஏறி வரும்போது அழுத்தினால் முன்விளிம்பு அழுக்குத் துடைத்த மாதிரி மங்கும். ஏறி முடிந்து, ஒரு கணம் தயங்கி, திரும்பத் தொடங்கும் அந்த நேரம்தான் சரி. நுரை இல்லாத தண்ணீரில் கோடு விழாது; பெரிய அலை உடைந்து நுரை பரப்பிவிட்டுப் போன பிறகு வரும் இறக்கத்துக்குக் காத்திருக்க வேண்டும். கேமராவின் இரண்டு நொடி டைமர் இதற்கு உதவாது, அது எண்ணி முடிப்பதற்குள் தண்ணீர் போய்விடும். கேபிள் ரிலீஸ் அல்லது ரிமோட் வேண்டும். கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் என்றால் மிரர் லாக்கப் (கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி) போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த தொல்லை டிரைபாட். மணலில் நட்ட கால், அலை திரும்பும்போது அடிமணல் அரிபட்டுக் கீழே இறங்கும். நாம் படம் எடுப்பதும் சரியாக அதே இறக்கத்தில்! திரையில் சிறிதாகப் பார்த்தால் கூர்மையாகத் தெரியும். வீட்டில் பெரிதாக்கினால் பாறை விளிம்பு இரட்டையாக நிற்கும். ஒரு சாண் ஆழத்துக்குக் காலை அழுத்தி, இரண்டு அலை வந்து போக விட்டு, அது இறங்கி நின்ற பிறகே சட்டம் பார்க்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தக் கூடாது. காற்றில் ஆடாமலிருக்க என்று பையைத் தொங்கவிட்டால் அதுவே ஊஞ்சலாடும். பையின் அடி தரையைத் தொட வேண்டும். இரண்டு நொடிக்கு மேற்பட்ட எதையும் மணலில் முயலாமல் காய்ந்த பாறைக்கு ஏறிவிடுவது மேல். கால்களை நீட்டும்போது மெல்லிய கடைசிக் கண்ணியை முதலில் முழுக்க நீட்டினால் பூட்டுகள் தண்ணீருக்கு மேலே நிற்கும், மணல் ஏறாது. வழக்கமான அறிவுரைக்கு இது நேர் எதிர், ஆனால் கடலில் இதுதான் பிழைக்கும்.

ஃபில்டர் பற்றிச் சில. பத்து ஸ்டாப் போட்ட பின் ஃபோகஸ் தேடும்; எனவே முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, பிறகு மாட்டவும். மாட்டும்போது ஃபோகஸ் வளையம் கையோடு சுழன்றுவிடாமல் பார்க்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டரை மூடாவிட்டால் பின்னாலிருந்து வெளிச்சம் புகுந்து படத்தில் வெளுத்த பட்டை விழும். டிரைபாடில் இருக்கும்போது கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடலாம். விலை குறைந்த ஃபில்டர்கள் எழுதியிருக்கும் அளவுக்குச் சரியாக இருப்பதில்லை: வெள்ளைச் சுவரை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒப்பிட்டால் உண்மையான ஸ்டாப் தெரிந்துவிடும். நிறமும் சாயும், நீலமாகவோ பழுப்பாகவோ. ரா (RAW) எனும் மூலக் கோப்பாக எடுத்தால் பெரும்பாலும் திருத்தலாம். சுழற்றி அளவை மாற்றும் வேரியபிள் என்டி, அகல லென்ஸில் வானத்தில் பெருக்கல் குறி போலக் கறுப்பு நிழல் போடும், கடலுக்கு அது வேண்டாம். எஃப்/22 வரை மூடி நேரத்தை நீட்டும் குறுக்குவழியும் வேண்டாம். கூர்மை போகும், சென்சாரின் ஒவ்வொரு தூசியும் வானத்தில் புள்ளியாகத் தெரியும்.

உப்புச்சாரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியில் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் மெழுகு தேய்த்த மாதிரி பரவும். சிறு ஸ்ப்ரே பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுபோய் ஒரு பீச்சு பீச்சித் துடைத்தால் போய்விடும். ஏசி அறையிலிருந்து நேராக இறங்கினால் லென்ஸ் வேர்த்துவிடும்; பையை மூடியபடியே அரை மணி வெளியில் வைத்துப் பழக்க வேண்டும். வீடு திரும்பியதும் டிரைபாட் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காவிட்டால், அடுத்த வாரம் பூட்டு திரும்பாது.

பாறையில் இறங்குமுன் மேலே நின்று கால் மணி நேரம் அலையைப் பார்க்கவும். ஈரக்கோடு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதே எச்சரிக்கை. பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடித்த இடத்தில் கால் வைக்கக் கூடாது. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், காற்றே இல்லாத நாளில் தென்கடலிலிருந்து வந்து திடீரென ஏறும் கள்ளக்கடல் அந்தக் கரைக்குப் பழக்கம். ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) எச்சரிக்கை வெளியிடும், அதைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ஃபில்டர் மாற்றும்போதும் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.

ஃபில்டரே இல்லாமல் ஒரு வழியையும் சோதித்தோம். ஒரு நொடிப் படங்கள் 16 எடுத்து, கணினியில் அடுக்கிச் சராசரி எடுத்தால் 16 நொடித் தோற்றம் வந்துவிடுகிறது, படத்தின் இரைச்சலும் (பொடிப்பொடியான புள்ளிகள்) கால்பங்காகக் குறைகிறது. நடுவில் ஒரு படத்தில் ஆள் குறுக்கே வந்தால் அதை மட்டும் தூக்கி எறியலாம் என்பது கூடுதல் வசதி.

அடுத்தது மாமல்லபுரம். கிழக்குக் கரையில் கடலிலிருந்து சூரியன் உதிப்பதால் விடியலில் எடுக்க வேண்டும், எல்லாம் தலைகீழ்: இருட்டில் வெறும் லென்ஸில் தொடங்கி, மூன்று, பிறகு ஆறு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஃபோகஸை மட்டும் டார்ச் அடித்து முதல் வேலையாக முடித்துவிட வேண்டியிருக்கும்.